கடலோரச் சென்னையில் ஒரு கைவேலை மாண்டலின்

தொழிற்சாலை மாண்டலினுக்கும் ஒருவர் தன் கையால் இழைத்துச் செய்த மாண்டலினுக்கும் வித்தியாசம் எங்கே தெரியும் என்று கேட்டால், மந்தரக் கம்பியில் என்பேன். மேல் ஸ்தாயியில் எல்லா மாண்டலினும் ஓரளவு கணகணவென்று பேசிவிடும். அந்தத் தடித்த ஜி கம்பி ஜோடியை மீட்டும்போதுதான் பெட்டிக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பது வெளியே வரும். விலை குறைந்த கருவிகளில் அது 'டப்' என்று விழுந்து அடங்கிவிடுகிறது. என்னுடையதில் அந்த ஸ்வரம் நின்று பேசும். மார்போடு அணைத்துப் பிடித்திருப்பதால் பின்பலகையின் அதிர்வு உடம்பிலேயே தெரியும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தனி ஆளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்தது இது. அங்கே வேலை பார்த்த என் அத்தை மகன் விமானத்தில் கையோடு கொண்டுவந்து கொடுத்தான். ஏ வகை, அதாவது சுருள் அலங்காரம் இல்லாத எளிய உடல்; நீள்வட்டத் துளை. மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பின்பலகை மேப்பிள், விரல்பலகை கருங்காலி. ஐந்தாறு வருடமாகத் திருவான்மியூர் வீட்டில் அநேகமாகத் தினமும் வாசிக்கிறேன்.

மலிவான மாண்டலின்களில் மேல்பலகை பெரும்பாலும் பிளைவுட். அதை அச்சில் வைத்து அழுத்தி வளைத்துவிடுவார்கள். இதிலோ தடித்த ஸ்ப்ரூஸ் கட்டையைக் குடைந்து, வெளியே மேடாகவும் உள்ளே பள்ளமாகவும் இழைத்திருக்கிறார்கள். நடுவில் நாலைந்து மில்லிமீட்டர் கனம். ஓரத்துக்குப் போகப் போக மூன்று, அதற்கும் கொஞ்சம் குறைவு. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று இறுகியிருக்கும், இன்னொன்று இளகியிருக்கும். இயந்திரம் இரண்டையும் ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளிவிடும். கையால் செய்பவர் தட்டிப் பார்ப்பார், விரலால் அழுத்தி வளைத்துப் பார்ப்பார், அந்தப் பலகை போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்துவார். நாம் கொடுக்கும் கூடுதல் விலை அந்த நிறுத்தத் தெரிந்த கைக்குத்தான்.

மயிலாப்பூரில் வீணை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். துளை வழியாகச் சின்ன டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். "தம்பி, உள்ளே உப்புத்தாள் போட்டு மழுப்பலை பாரு. சுரண்டின தடம் அப்படியே இருக்கு. அந்தத் தடம் ஒரே சீரா போகலை, இந்தப் பக்கம் கூட எடுத்திருக்கான்" என்றார். பிறகு முட்டியால் மேல்பலகையை இடம் மாற்றி மாற்றித் தட்டினார். மந்தரக் கம்பிப் பக்கம் ஒரு நாதம், தாரக் கம்பிப் பக்கம் ஒரு நாதம். ஸ்ப்ரூஸ் அவருக்குப் புதிது. வாழ்நாளெல்லாம் பலாவில் வேலை செய்தவர். ஆனால் வேலை என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சுருள் வைத்த எஃப் வகை ஏன் வாங்கவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். 1922-ல் வடிவமைப்பாளர் லாய்ட் லோர் காலத்தில் அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனம் கொண்டுவந்த எஃப்-5 ஓர் அற்புதமான கருவி. மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் கையில் புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைக்கே குரல் கொடுத்தது 1923-ல் செய்த ஒரு எஃப்-5 தான். அதன் வயலின் மாதிரித் துளைகள் சட்டென்று வெட்டி நிற்கும் தாளத்துக்கு ஏற்றவை. நமக்கு வேண்டியது இழுத்து நிற்கும் நாதம். அதை நீள்வட்டத் துளைதான் நன்றாகத் தருகிறது என்பது என் காதின் தீர்ப்பு. சுருளைச் செதுக்க ஏகப்பட்ட நேரம் பிடிக்கும், விலையும் ஏறும். ஒலிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுத்து வாசிப்பது பற்றிச் சொல்லாமல் முடியாது. யு. ஸ்ரீனிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதில் முழு நியாயம் இருக்கிறது. ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசிறும். நான் செய்வது இது: மாண்டலினின் வழக்கமான சுருதி ஜி-டி-ஏ-ஈ; கர்நாடக உருப்படிகளுக்கு ஏ கம்பியை ஜி-க்கும், ஈ கம்பியை டி-க்கும் இறக்கி, ஸ-ப-ஸ-ப என்று வைத்துக்கொள்கிறேன். கம்பி கொஞ்சம் தளர்வதால் இழுவை சுலபமாகிறது. மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் நிம்மதியாக வாசிக்கலாம். தோடிக்கு இந்தக் கருவி போதாது. காந்தாரத்தின் அந்த அசைவு ஜோடிக் கம்பியில் ஒருநாளும் முழுதாக வருவதில்லை. சபையில் மிருதங்கத்தோடு உட்காரும்போது நானும் எலெக்ட்ரிக்தான் எடுத்துப் போகிறேன்.

அடுத்து, நம் ஊர் காற்று. மேல்நாட்டுப் பராமரிப்புக் குறிப்புகள் எல்லாம் மரம் உலராமல் இருக்கப் பெட்டிக்குள் ஈரம் வைக்கச் சொல்கின்றன. சென்னையில் கதை நேர்மாறு. இத்தகைய கருவிகளுக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் உகந்தது. கடலோரத்தில் பாதி வருடம் அந்த அளவுக்குக் குறைக்கவே முடியாது. ஐப்பசி மழை பிடித்ததும் மேல்பலகை உப்பி, கம்பிகளைத் தாங்கும் குதிரையைத் தூக்கிவிடுகிறது. கம்பி விரல்பலகையை விட்டு விலகி, மூன்றாவது கட்டைக்கு (ஃப்ரெட்) மேல் அழுத்தினாலே விரல் நோகும். குதிரையில் இருக்கும் இரண்டு சக்கரத் திருகுகளையும் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். அப்புறம் ஏசி அறையில் தொடர்ந்து வைத்தால் பலகை இறங்கி, கம்பி கட்டையில் உரசிக் கரகரக்கும். திரும்ப ஏற்ற வேண்டும். நான் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் வைத்திருக்கிறேன். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. மரப்பசை அந்தச் சூட்டில் இளகும், எட்டுக் கம்பியும் சேர்ந்து இழுப்பதோ சுமார் 70 கிலோ.

உப்புக் காற்றில் முதலில் போவது மேலிருக்கும் இரண்டு ஜோடி வெறும் எஃகுக் கம்பிகள். வாசித்து முடித்ததும் துடைக்காவிட்டால் அடுத்த வாரமே விரல் நுனி கறுக்கும். பாஸ்பர் பிரான்ஸ் சுற்றிய கீழ்க்கம்பிகள் துருப்பிடிக்காது, ஆனால் சீக்கிரம் மந்தமாகிவிடும்.

எனக்குள்ள உண்மையான குறை மேல்பூச்சில்தான். அரக்கு கலந்த ஸ்பிரிட் வார்னிஷ். பார்க்க அழகு, மேல்பலகையின் அதிர்வையும் அமுக்காது. ஆனால் வலது முன்கை படும் இடத்தில் வியர்வை பட்டுப் பட்டு ஒரு கையகல இடம் பிசுபிசுத்து மங்கிவிட்டது. இப்போது முழங்கை வரை பருத்தி உறை போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறேன்.

என் தோழி ஒருவர் அதே பட்டறையில் ஒன்று சொல்லிவைத்திருக்கிறார். இந்த விவரங்களையெல்லாம் முன்கூட்டியே எழுதி அனுப்பினோம்: கை படும் இடத்தில் கெட்டியான பூச்சு, கமகத்துக்கு வசதியாகக் கொஞ்சம் உயரமான கட்டைகள், அரை விரற்கடை கூடுதல் அகலமான கழுத்து. மூன்றுக்கும் பட்டறைக்காரர் சம்மதித்துவிட்டார். மேல்பலகையை எவ்வளவு இழைப்பது என்று முடிவு செய்வதற்கு முன் தோழியின் அறை ஈரப்பதத்தை மாதவாரியாகக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். கார்த்திகை வரைக்குமான கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. கோடைக் கணக்கு பாக்கி.