டெம்பர்டு கிளாஸா, ஹைட்ரோஜெல் ஃபிலிமா?

ஸ்கிரீனைப் பாதுகாக்க ஏதாவது ஒட்டலாம் என்று சென்னை ரிச்சி தெருவில் போனை நீட்டினால் இரண்டையும் காட்டுவார்கள். ஸ்கிரீன் தட்டையா? யோசிக்காமல் டெம்பர்டு கிளாஸ். சுமார் 0.33 மி.மீ. தடிமன்; விழும்போது தான் உடைந்து அடியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கிளாஸுக்குச் சொல்லும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடின அளவுதான். மெரினா மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அதையும் கீறிவிடும்.

ஓரம் வளைந்த ஸ்கிரீனில் கிளாஸின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். யூவி பசையால் (புற ஊதா ஒளியில் இறுகும் பசை) ஒட்டினால் பசை ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்கலாம். அங்கே வளைந்து கொடுக்கும் மெல்லிய படலமான ஹைட்ரோஜெல்தான் சரி: சின்னக் கீறல்கள் தானாக மங்கும், ஸ்கிரீனுக்கு அடியிலுள்ள கைரேகை சென்சாருக்கும் தொந்தரவு குறைவு. ஆனால் விழுந்தால் அடி நேராக ஸ்கிரீனுக்கு. விளிம்பு சற்றே உயர்ந்த கவர் கட்டாயம்.

எதை ஒட்டினாலும் ஃபேனை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு தூசி சிக்கினாலும் குமிழிதான்.