ஆடி அமாவாசையும் ஹான்லே வானமும்: ஒரு போட்டோ டூர் அனுபவம்

ஆடி எங்கள் தொழிலுக்கு லீவு மாதம். முகூர்த்தம் கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் ஸ்டுடியோவில் அந்த மாதம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் பழைய ஆல்பம் பாக்கி வசூலும்தான் நடக்கும். பதினெட்டு வருடமாக ஆடி பிறந்தால் லென்ஸ்களைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் வைத்துவிடுவேன். இந்த ஆடியில் அவற்றைத் தூக்கிக்கொண்டு லடாக் போனேன். போட்டோகிராஃபர்களுக்கென்றே நடத்தும் டூர். எட்டு நாள், லேயில் தொடங்கி லேயில் முடியும், ஆளுக்கு 52,000 ரூபாய். விமானம் தனி. நடத்திய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்படி டூர் நடத்தும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியவைதான் கீழே இருப்பவை.

ஏன் லடாக்? எட்டாவது படிக்கும்போது எங்களைக் காவலூருக்குக் கூட்டிப் போனார்கள். ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலையில், வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அந்த இடம் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, அப்போது எல்லாம் நம்ம ஜில்லாதான். அன்றைக்குப் பார்த்த அந்தப் பெரிய குழாய் மனதை விட்டுப் போகவே இல்லை. காவலூரை நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கில் ஹான்லே என்ற ஊரில், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், இன்னொரு தொலைநோக்கி வைத்திருக்கிறது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூர் பக்கத்தில் ஹொஸகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். மூச்சு வாங்க மலை ஏறுவது நம்மைப் போன்றவர்கள்தான்.

ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை 2022-ல் இருள்வானக் காப்பகமாக, அதாவது ராத்திரி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடமாக, அறிவித்தார்கள். ராத்திரி படம் எடுக்கிறவனுக்கு அதுதான் காசி. ஆனால் டூர்காரர்கள் கொடுத்த இரண்டு தேதிகளில் ஒன்று பௌர்ணமியை ஒட்டி வந்தது. விலை இரண்டுக்கும் ஒன்றே, ‘பால்வீதி எடுக்கலாம்’ என்ற விளம்பரமும் ஒன்றே. பௌர்ணமி நிலவில் பால்வீதி எடுப்பது, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று நாதஸ்வரம் ரெக்கார்ட் பண்ணுகிற மாதிரி. அதனால் ஆடி அமாவாசை தேதியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் பஞ்சாயத்து. “உங்கப்பனுக்கு எள்ளும் தண்ணியும் விடற நாளா பாத்துத்தான் நீ ஊர் சுத்தப் போவணுமா?” என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் காட்பாடியில் ரயில் ஏறினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லே 3,500 மீட்டர் உயரம். இறங்கியதும் ஊர் சுற்றக் கிளப்பாமல் இரண்டு நாள் எங்களைப் படுக்கப் போட்டார்கள். காலை மாலை விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்த்தார்கள், வண்டியில் சிலிண்டர் இருந்தது. ஹான்லேக்கும் பாங்காங்குக்கும் வேண்டிய அனுமதிச் சீட்டுகளை அவர்களே வாங்கினார்கள். எட்டுப் பேருக்கு இரண்டு வண்டி, எல்லோருக்கும் ஜன்னல் சீட்டு. போட்டோ டூருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்தார்கள்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேண்டும். என் போன் லேயில் இறங்கியதும் செத்துவிட்டது. இரண்டு நாள் எதற்குப் பேசவில்லை என்று அம்மாவிடம் மறுபடி பஞ்சாயத்து.

திக்சே மடாலயத்துக் காலைப் பூஜை அழகு, ஆனால் அரை மணி நேரத்தில் கிளப்பிவிட்டார்கள். பாங்காங் ஏரியில் இரண்டு ராத்திரி. ஏரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். வானத்தை அடர்நீலமாக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். அந்த உயரத்தில் வானம் தானாகவே கருநீலம். 16 எம்எம் போன்ற அகலக் கோண லென்ஸில் போலரைசரும் போட்டால் வானத்தின் நடுவில் மை கொட்டியது போல ஒரு திட்டு விழும். முதல் நாள் எடுத்த நாற்பது படம் எனக்கு அப்படித்தான் போயிற்று.

லேயிலிருந்து ஹான்லேக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். பாதி வழிக்கு மேல் சிந்து நதி கூடவே வருகிறது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, மொட்டை மலைக்கு நடுவே அவ்வளவு தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் கேமரா எடுக்கவே தோன்றவில்லை. சும்மா நின்றேன்.

அட்டவணைப்படி ஹான்லேயில் ஒரே ஒரு ராத்திரி. ஜூலை, ஆகஸ்டில் லடாக்கிலும் மேகம் வரும். ஒரே ராத்திரியை நம்பி இவ்வளவு தூரம் போவது சூதாட்டம். பாங்காங்கில் ஒரு ராத்திரியைக் குறைத்து இங்கே கூட்டுங்கள் என்று முதல் நாளே கேட்டேன். முடியாது, ரூம் போட்டாயிற்று என்றார்கள். சரி, பேப்பரில் இருந்தது அதுதான்.

எங்களைத் தங்க வைத்தது ஒரு பாட்டியம்மாவின் வீட்டில். அங்கே வயதான பெண்களை ‘அமா-லே’ என்று கூப்பிடுகிறார்கள். நம் வாயில் அது அம்மாவே என்று வந்துவிடுகிறது, அவரும் திருத்தவில்லை. இருட்டியதும் அவர் செய்த முதல் வேலை, ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கனமான கறுப்புத் திரையை இழுத்து, ஓரத்தைச் சுவரோடு சேர்த்துக் கையால் அழுத்தியது. உள்ளே எரியும் ஒரு பல்பு வெளிச்சம்கூட வெளியே கசியக் கூடாதாம். நான் கொண்டுபோன ஆற்காடு மக்கன் பேடாவை நீட்டினேன். கடித்துப் பார்த்து, உள்ளே இருந்த முந்திரியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சாப்பிட்டார். அனுமதி கேட்டு அந்தத் திரைக்குப் பக்கத்தில் அவரை ஒரு படம் எடுத்தேன். எட்டு நாளில் எனக்கு முழுத் திருப்தி தந்த ஒரே மனிதப் படம் அதுதான்.

அந்த அம்மா இவ்வளவு பாடுபட்டு இருட்டைக் காப்பாற்றி வைத்தால், எங்கள் டூர்காரர்கள் வீட்டுக்கு வெளியே விறகு அடுக்கி கேம்ப் ஃபயர் போட்டார்கள்! அதுவும் ஒன்பது மணிக்கு. இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை சமயத்தில் பால்வீதியின் மையம் தெற்கே உச்சிக்கு வருவது சுமார் ஒன்பதரை மணிக்கு. அப்புறம் இறங்குமுகம். ஹான்லே வடக்கே தள்ளி இருப்பதால் மையம் அடிவானத்திலிருந்து 28 டிகிரி போலத்தான் ஏறும், தெற்கே மலை வேறு. ஆக மொத்தம் இரண்டு, மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டு ஹிந்திப் பாட்டு. தீயைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ராத்திரிப் படம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். அவர் அதற்குள் நல்ல இடம் பார்த்துத் தன் ட்ரைபாடை ஊன்றிவிட்டார்.

மேகம் பத்தரைக்கு விலகியது. விலகியபோது நான் நெருப்புக்கு இருநூறு அடி தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால், மூன்று ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். வேலூர் வெயிலில் வெந்த உடம்பு. கேமராவில் வைத்தது 14 எம்எம், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400, இருபது வினாடி. ஐநூறை லென்ஸ் எம்எம்மால் வகுத்தால் 35 வினாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. இப்போதைய கேமராக்களில் அதை நம்பினால் நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டுவிடும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்குகிறது, மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி அறைக்குள் போகுமுன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். இதை ஆசிரியர் சொல்லவில்லை, வண்டி ஓட்டியவர் சொன்னார். பன்னிரண்டரைக்குள் மையம் மலைக்குப் பின்னால் போயிற்று. தேறியது ஆறு படம்.

ஆறு படத்துக்கு, விமானத்தோடு சேர்த்து, எண்பதாயிரம் சொச்சம். நஷ்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததே இல்லை. நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் பிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு நட்சத்திரம். ஆனால் இந்த நிறுவனத்தோடு மறுபடி போக மாட்டேன். வண்டி, மருந்து, அனுமதி எல்லாவற்றுக்கும் முழு மார்க் கொடுக்கலாம். போட்டோகிராஃபருக்கு வேண்டிய ஒன்று, ஒரே இடத்தில் காத்திருக்கும் நேரம், அது அட்டவணையிலேயே இல்லை. பணம் கட்டுமுன் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று என்ன திதி, ஹான்லேயில் எத்தனை ராத்திரி, கூட வரும் ஆசிரியர் தன் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வருவாரா.

அந்த 28 டிகிரி கணக்கை ஊருக்கு வந்தும் விடவில்லை. நம்ம ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் அதே மையம் 47, 48 டிகிரி வரை ஏறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம் அடிவானத்தில் தெரியும்தான், ஆனால் மையம் அதற்கு மேலே எங்கேயோ நிற்கும். பங்குனி அமாவாசை, விடியற்காலை நாலு மணி. ஜமுனாமரத்தூரில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடி பேசி வைத்திருக்கிறேன். வண்டியில் ஒரு இடம் காலி. கேம்ப் ஃபயர் கிடையாது.