கூகுள் காலண்டரில் டியூஷன் அட்டவணை: ஒரு கல்வியாண்டு ஓட்டினால் தெரிய வருபவை

காலண்டரை உருவாக்க அரை மணி நேரம் போதும். அது ஒவ்வொரு பெற்றோரின் போனிலும் வகுப்புக்கு முன்னால் மணி அடிக்க வேண்டுமே, அதற்குத்தான் ஒரு மாதம் பிடிக்கிறது. கூகுள் காலண்டரைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அதனால் இங்கே இரண்டாவது பாதிக்குத்தான் அதிக இடம்.

எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, நாலைந்து ஆசிரியர்கள், அறுபது எழுபது பிள்ளைகள், மாலையிலும் சனி ஞாயிறிலும் ஆன்லைன் வகுப்பு. இந்த அளவிலான டியூஷன் சென்டரை வைத்துத்தான் இதில் எல்லாம் சொல்லியிருக்கிறது. அட்டவணையை எக்செல்லில் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் இங்கே வழக்கம். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் குழுவில் ஆறேழு படங்கள் சேர்ந்துவிடும். எது கடைசியாக வந்தது என்று கேட்டே பாதி போன் வரும். அந்தத் தொல்லை காலண்டரில் போய்விடுகிறது. வேறு சில தொல்லைகள் வருகின்றன.

முதலில் கணக்கு. எந்த ஆசிரியரின் சொந்த ஜிமெயிலிலும் தொடங்க வேண்டாம். அவர் விலகினால் காலண்டரும் அவரோடு போகும். சென்டர் பெயரில் தனி ஜிமெயில் திறந்து, கம்ப்யூட்டர் பிரவுசரில் காலண்டரைத் திறந்து, இடது பக்கம் ‘அதர் காலண்டர்ஸ்’ அருகே உள்ள கூட்டல் குறியைத் தொட்டு ‘கிரியேட் நியூ காலண்டர்’ கொடுக்க வேண்டும். நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் செய்யும் இருவருக்கு மட்டும் மாற்றவும் பகிரவும் முழு அனுமதி. மற்ற ஆசிரியர்களுக்கு நிகழ்வுகளை மாற்றும் அனுமதி போதும்.

பாடத்துக்கு ஒரு காலண்டர் வைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வைக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து பாடம் என்றால் ஐந்து காலண்டரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், எந்த அம்மாவும் சேர்க்கப் போவதில்லை. வகுப்புக்கு ஒன்று, விடுமுறைக்கும் தேர்வுக்கும் பொதுவாக ஒன்று, ஆக மொத்தம் ஆறு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் மூன்றோடு முடிந்துவிடும்.

நிகழ்வின் தலைப்பு பாடப் பெயரில் தொடங்க வேண்டும். போனில் மாதப் பார்வையில் முதல் சில எழுத்துகள்தான் தெரியும். ‘ஆன்லைன் வகுப்பு: கணிதம்’ என்று எழுதினால் மாதம் முழுக்க எல்லாப் பெட்டியிலும் ‘ஆன்லை’ என்றுதான் நிற்கும். ‘கணிதம்’, ‘இயற்பியல் தேர்வு’, இவ்வளவு போதும். எந்த வகுப்பு என்பதைக் காலண்டரின் பெயரும் நிறமும் சொல்லிவிடும்.

வாராவாரம் திரும்பும் வகுப்புக்கு ‘ரிப்பீட்’ போடும்போது முடிவுத் தேதி கட்டாயம். விட்டால் அது முடிவே இல்லாமல் ஓடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே தொடர் போடுவதை விட, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்றாகப் பிரிப்பது நல்லது. நேரம் மாறும்போது காலண்டர் மூன்று கேள்வி கேட்கும்: இந்த நிகழ்வு மட்டுமா, இதுவும் இனி வருபவையுமா, எல்லாமா? அவசரத்தில் ‘எல்லாம்’ தொட்டால் போன மாதத்து வகுப்புகளும் நேரம் மாறி நிற்கும். கட்டணம் கணக்கு பார்க்கும்போது அது வம்பு. இடையில் தனியாக மாற்றி வைத்த நாட்களும் பழையபடி திரும்பிவிடலாம். ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்தால் போதும்: ‘எல்லாம்’ என்பதைத் தொடவே கூடாது.

இனி பகிர்வு. இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள்.

வழிகள் மூன்று. காலண்டரைப் பொதுவாக்கி லிங்க் அனுப்பலாம், பெற்றோரின் மின்னஞ்சலைப் போட்டுக் காலண்டரைப் பகிரலாம், இல்லையென்றால் ஒவ்வொரு வகுப்பு நிகழ்விலும் அவர்களை விருந்தினராகச் சேர்க்கலாம். மூன்றிலும் அட்டவணை கண்ணுக்குத் தெரியும். மணி அடிப்பதில்தான் வித்தியாசம். நீங்கள் நிகழ்வில் போடும் ‘30 நிமிடம் முன்பு’ என்ற நினைவூட்டல் உங்கள் போனுக்கு மட்டுமே. பகிர்ந்த காலண்டரைச் சேர்த்தவருக்கு அது போகாது. அவர் தன் கணக்கில், அந்தக் காலண்டரின் அமைப்புக்குப் போய், ‘ஈவென்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ‘காலண்டர் வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டவர்கள் ஏராளம்.

விருந்தினராகச் சேர்த்தால் நிகழ்வு பெற்றோரின் முதன்மைக் காலண்டரிலேயே போய் உட்காரும். அங்கே வழக்கமாகவே 30 நிமிட நினைவூட்டல் இருக்கும், அவர்கள் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு நிகழ்வில் 200 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் அறுபது பேருக்குக் கவலையே இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ‘விருந்தினர் பட்டியலைப் பார்க்கலாம்’, ‘மற்றவரை அழைக்கலாம்’ என்ற இரண்டு டிக்கும் ஏற்கெனவே போட்டபடிதான் வரும். இரண்டையும் எடுக்காவிட்டால் எல்லாப் பெற்றோரின் மின்னஞ்சலும் எல்லோருக்கும் தெரியும். அடுத்து, தெரியாதவர் அனுப்பும் அழைப்பைக் காலண்டரில் சேர்க்காதே என்று சிலர் கணக்கில் அமைப்பு இருக்கும். சென்டரின் மின்னஞ்சலை முதலில் தொடர்புப் பட்டியலில் சேமிக்கச் சொல்லிவிட்டு அழைப்பு அனுப்புவது பாதுகாப்பு.

ஆகவே வழக்கமான வகுப்புகளுக்கு விருந்தினர் அழைப்பும், தேர்வு, விடுமுறைக் காலண்டருக்குப் பகிர்வும் என்று பிரித்து வைப்பதுதான் நீடித்து நிற்கிறது. பொது லிங்க் பார்வைக்கு எளிது, ஆனால் ஆபத்தானது. அதில் வகுப்பு நடக்கும் கூகுள் மீட் லிங்க் இருந்தால் முகம் தெரியாதவரும் கதவைத் தட்டுவார். பொதுவாக்கியே ஆக வேண்டுமென்றால் அதில் லிங்க்கும் பிள்ளைகளின் பெயரும் இருக்கக் கூடாது.

மின்னஞ்சல் வாங்குவதே தனிக் கலை. பல வீடுகளில் போனை கடைக்காரரோ மைத்துனரோ அமைத்துக் கொடுத்திருப்பார். எந்த ஜிமெயில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொடச் சொன்னால் முகவரி அங்கே இருக்கும். அதை வாயால் சொல்லக் கேட்டு எழுதாமல் ஸ்கிரீன்ஷாட்டாகவே வாங்குங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அழைப்பு வேறு யாருக்கோ போகும், வகுப்பு லிங்க்கும் சேர்ந்து போகும்.

பகிர்ந்த காலண்டரின் லிங்க்கைப் போனில் தொட்டால் காலண்டர் செயலி திறந்துகொள்ளும், ஆனால் பல நேரம் எதுவும் சேராது. குரோமில் ‘டெஸ்க்டாப் சைட்’ டிக் போட்டுத் திறந்தால் சேரும். சேர்ந்த பிறகும் போனில் தெரியவில்லை என்றால் செயலியின் அமைப்பில் அந்தக் காலண்டரைத் தேடி ‘சிங்க்’ பொத்தானைப் போட வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிப்பதில் கெடுபிடி காட்டும் ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு: காலண்டர் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மணி வகுப்புக்கான நினைவூட்டல் ஆறே காலுக்கு, போனைக் கையில் எடுக்கும்போதுதான் வரும்.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமான வழி, கூகுள் காலண்டர் செயலியையே நிறுவிக்கொள்வது. ஆப்பிளின் காலண்டரில்தான் பார்ப்பேன் என்றால், பகிர்ந்த காலண்டர்கள் தானாக வராது. கூகுளின் ‘சிங்க் செலக்ட்’ பக்கத்துக்குப் போய் டிக் போட வேண்டும். ஐகேல் முகவரி (காலண்டருக்கென உள்ள இணைய முகவரி) கொடுத்துச் சேர்க்கும் முறை அன்றன்றைய மாற்றத்துக்கு உதவாது. அப்படிச் சேர்த்த காலண்டர் புதுப்பிக்க, கூகுளிலேயே 12 மணி நேரம் வரை ஆகலாம்.

விடுமுறையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பொங்கலுக்கு ‘விடுமுறை’ என்று முழுநாள் நிகழ்வு போடுவார்கள், ஆனால் அன்றைய வகுப்புத் தொடர் கீழே அப்படியே இருக்கும். மாலை ஆறு மணிக்கு மணி அடிக்கும், பிள்ளை வந்து காலி அறையில் காத்திருக்கும். அதற்காக அந்த நாள் வகுப்பை அழித்தாலும் சிக்கல்தான். பெட்டி சத்தமில்லாமல் மறைந்துவிடுவதால், காலண்டர் கெட்டுவிட்டதோ என்று போன் வரும். தலைப்பை ‘இன்று வகுப்பு இல்லை – கணிதம்’ என்று மாற்றி, ‘இந்த நிகழ்வு மட்டும்’ கொடுத்துச் சேமித்து, விருந்தினருக்குத் தகவல் அனுப்பவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள். எழுத்துப் பிழை திருத்துவது போன்ற சில்லறை மாற்றங்களுக்கு அதே கேள்வியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் இருபது மின்னஞ்சல் வந்தால் இருபத்தொன்றாவதை யாரும் திறக்க மாட்டார்கள். தவறி அழித்ததை 30 நாளுக்குள் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கலாம்.

தேர்வு அட்டவணையை ஒவ்வொன்றாக அடிக்காமல் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் பட்டியலைக் காற்புள்ளி பிரித்த எளிய எழுத்தாகச் சேமிக்கும் வகை) ஏற்றலாம், கம்ப்யூட்டரில் மட்டும். முதல் வரிசையின் தலைப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், தேதியில் மாதம் முதலில் வர வேண்டும். 5/6 என்று ஜூன் 5-ஐ நினைத்து எழுதினால் தேர்வு மே 6-இல் போய் உட்காரும். 12-க்கு மேற்பட்ட தேதிகளில் தவறு உடனே பிடிபடும், 12 வரை உள்ளவைதான் ஏமாற்றும். தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறியாக மாறினால் கோப்பைத் தமிழ் எழுத்தைக் காக்கும் யூடிஎஃப்-8 வகையில் சேமிக்கவில்லை என்று பொருள். திருத்திய கோப்பை மறுபடி ஏற்றினால் பழையது மாறாது, எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும். அதனால் முதலில் ஒரு காலி காலண்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் உண்மையானதில் ஏற்றுங்கள்.

இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருக்கும் மீட் 60 நிமிடத்தில் முடிந்துவிடும், ஜூம் 40 நிமிடத்தில். ஒன்றரை மணி நேர வகுப்பை ஒரே பெட்டியாகப் போட்டுவிட்டு நடுவில் அறுந்ததும் தவிப்பதை விட, மீட்டில் 55 நிமிடம், ஐந்து நிமிட இடைவெளி, பிறகு அடுத்த பெட்டி என்று அட்டவணையிலேயே பிரித்துவிடலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் நிகழ்வு எந்த நேர மண்டலத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே பிரச்சினை. இந்திய நேரம் மாலை 6:30 வகுப்பு லண்டனில் கோடையில் மதியம் 2, குளிர்காலத்தில் 1. டொரொன்டோவில் காலை 9, பிறகு 8. காலண்டர் இதைத் தானே சரியாகக் காட்டும், தடுமாறுவது சுவரில் எழுதி ஒட்டிய நேரம்தான். அதிலும் இரண்டு ஊரும் ஒரே நாளில் மாறுவதில்லை. 2026-இல் டொரொன்டோ மார்ச் 8 அன்றும் லண்டன் மார்ச் 29 அன்றும் கடிகாரத்தை மாற்றுகின்றன. இடைப்பட்ட மூன்று வாரத்துக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்புவது நல்லது. வகுப்பு மொத்தமும் லண்டன் பிள்ளைகள் என்றால் நிகழ்வை லண்டன் நேரத்திலேயே போட்டுவிடுங்கள். ஆசிரியர்தான் ஒரு மணி நேரம் தள்ளி உட்கார வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தும் வாட்ஸ்அப் போகாது. ஞாயிறு இரவு வாரப் பார்வையின் ஒரு ஸ்கிரீன்ஷாட், கீழே ‘மாற்றம் வந்தால் காலண்டரில்தான் வரும்’ என்ற ஒரு வரி. அதைக் குழுவில் ஏழு நாளுக்கு என்று ‘பின்’ (pin) செய்து வைத்தால் அடுத்த ஞாயிறு வரை மேலேயே நிற்கும். யார் பார்த்தார்கள் என்று காலண்டர் சொல்லாது, வருகைப் பதிவும் அதன் வேலை அல்ல. பெற்றோர் சந்திப்புக்கு நேரம் ஒதுக்க மட்டும், இலவசக் கணக்கிலேயே கிடைக்கும் ஒரு முன்பதிவுப் பக்கம் நன்றாக உதவுகிறது.

மே மாதம் ஆண்டு முடிந்ததும் காலண்டரை அழிக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக் காலண்டர் அடுத்த ஆண்டும் பத்தாம் வகுப்புக்குத்தான், மாறுவது பகிர்வுப் பட்டியல் மட்டுமே. பழைய பெற்றோரை நீக்கி, ஒரு பிரதியை ‘எக்ஸ்போர்ட்’ செய்து எடுத்து வைத்து, ஜூனில் புதியவர்களைச் சேர்க்கலாம். அமைப்புப் பக்கத்தின் அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’, ‘டிலீட்’ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது உங்கள் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும். இரண்டாவது எல்லோர் போனிலிருந்தும் ஆண்டு முழுவதையும் துடைத்துவிடும்.