அலோபிரெக்னனோலோன் எலைசா கிட்: மூளைச் செல் ஆய்வுக்கு எவ்வளவு நம்பலாம்?

மூளைச் செல் கல்ச்சரில் (ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில்) புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எவ்வளவு அலோபிரெக்னனோலோன் என்ற ஸ்டீராய்டாக மாறுகிறது என்று பார்க்க, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கைக்கு எட்டாத ஆய்வகங்கள் நாடுவது 96 வெல் (குழி) கொண்ட பிளேட்டில், ஆன்டிபாடியைக் கொண்டு நிறத்தால் அளவைக் கணிக்கும் காம்பெடிட்டிவ் எலைசா கிட்டைத்தான். ஒரே பிளேட்டுக்குள், இந்த மாற்றத்தைத் தடுக்கும் தடுப்பான் போட்ட வெல்லையும் போடாத வெல்லையும் ஒப்பிட இது நன்றாகவே உதவும். அது தரும் பிக்கோகிராம் எண்ணை அப்படியே எடுத்து, 'இந்தச் செல் இவ்வளவு உற்பத்தி செய்கிறது' என்று எழுதுவதற்கு இது போதாது.

மூளை தனக்கு வேண்டிய ஸ்டீராய்டுக்கு ரத்தத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. அட்ரினல் சுரப்பியையும் விந்தகத்தையும் நீக்கிய பிறகும் எலியின் மூளையில் டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டு இருப்பதை பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியேன்-எமில் போலியூவின் குழு 1981-ல் காட்டியது. புரோஜெஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி முதலில் டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோனாக மாற்றும். அதை 3-ஆல்ஃபா ஹெச்எஸ்டி என்ற இன்னொரு நொதி அலோபிரெக்னனோலோனாக்கும். இது நானோமோலார் அளவிலேயே மூளையில் அடக்கும் சிக்னலை ஏற்கும் காபா-ஏ ஏற்பியின் வேலையைக் கூட்டி, நரம்பணு அளவுக்கு மீறித் தூண்டப்படுவதை அடக்குகிறது. புரோஜெஸ்டிரோன் நரம்பணுவைப் பாதுகாக்கும் விளைவுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இதன் 3-பீட்டா ஐசோமருக்கு (அதே அணுக்கள் வேறு அமைப்பில் உள்ள மூலக்கூறு) அந்தக் குணம் கிடையாது. ஆன்டிபாடி இரண்டையும் பிரித்தறியாவிட்டால், செயலற்ற மூலக்கூறையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருப்போம்.

அதனால் கிட் வாங்குமுன் படிக்க வேண்டிய முதல் பக்கம் கிராஸ் ரியாக்டிவிட்டி அட்டவணை, அதாவது ஆன்டிபாடி வேறு மூலக்கூறுகளையும் எவ்வளவு பிடிக்கும் என்ற பட்டியல். அதில் புரோஜெஸ்டிரோனுக்கு 1 சதவீதம் என்று போட்டிருந்தால் பலரும் திருப்தியாகக் கடந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்லுக்கு 100 நானோமோலார் புரோஜெஸ்டிரோன் கொடுத்தால், மில்லிலிட்டருக்குச் சுமார் 31 நானோகிராம். அதில் 1 சதவீதம் என்பது 310 பிக்கோகிராம். ஒரு துளி அலோபிரெக்னனோலோன்கூட உருவாகாத வெல்லிலும் கிட் இந்த அளவைக் காட்டும்! கொடுக்கும் அளவை 10 நானோமோலாராகக் குறைத்தால் பொய்ச் சிக்னல் 31 பிக்கோகிராமுக்கு இறங்கிவிடும். செல் இல்லாத மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) அதே அளவு புரோஜெஸ்டிரோன் போட்டு, அதே இன்குபேட்டரில் அதே நேரம் வைத்த வெல் கட்டாயம் வேண்டும். அதன் மதிப்பை அப்படியே கழித்துவிடவும் கூடாது. செல் உள்ள வெல்லில் புரோஜெஸ்டிரோன் செலவாகிக்கொண்டே இருப்பதால் கழிக்கும் அளவு தேவைக்கு மேல் போய்விடும். பொய்ச் சிக்னலின் உச்ச வரம்பாக மட்டும் அதை எடுத்துக்கொள்வதே சரி.

மீடியத்தை நேராக வெல்லில் ஊற்றும் 'டைரக்ட்' முறையைப் பரிந்துரைக்க மாட்டோம். சீரம் புரதங்கள் ஸ்டீராய்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது போதாதென்று சீரத்திலேயே ஹார்மோனும் இருக்கும். செல்லைச் சீரம் இல்லாத மீடியத்திலோ, கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்திலோ வைத்த பிறகே புரோஜெஸ்டிரோன் கொடுக்க வேண்டும். கரைப்பானான எத்தனால் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பிரித்தெடுக்க, 1 மில்லி மீடியத்துக்கு 5 மில்லி டைஎத்தில் ஈதர் சேர்த்து, கண்ணாடிக் குழாயில் 2 நிமிடம் வோர்டெக்ஸ் செய்து, அடுக்குகள் பிரிந்ததும் உலர்பனியும் ஆல்கஹாலும் கலந்த தொட்டியில் முக்குங்கள். அடியில் நீர் உறைந்ததும் மேலுள்ள ஈதரை வேறு கண்ணாடிக் குழாயில் சாய்த்துவிடலாம். இன்னொரு முறை இதையே செய்து, நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்த வேண்டும். எல்லாமே ஃபியூம் ஹூடுக்குள், தீப்பொறி எதுவும் அருகில் இல்லாமல். முதலில் 20 மைக்ரோலிட்டர் எத்தனாலால் குழாயின் சுவரைக் கழுவி, பிறகு 480 மைக்ரோலிட்டர் அஸ்ஸே பஃபர் சேருங்கள். நேரடியாக பஃபரை ஊற்றினால் ஸ்டீராய்டு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ரெக்கவரி சரிவது பெரும்பாலும் இங்கேதான். மாதிரி இரண்டு மடங்கு அடர்ந்திருப்பதால் கடைசியில் விடையை 2-ஆல் வகுக்க மறக்க வேண்டாம். ஈதர் புரதத்தைத்தான் விலக்கும். புரோஜெஸ்டிரோனும் கூடவே ஈதருக்குள் வந்துவிடும் என்பதால், மேலே சொன்ன பொய்ச் சிக்னல் இதனால் தீராது.

தெரிந்த அளவைச் சேர்த்துப் பார்க்கும் ஸ்பைக் சோதனையில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்தால் போதுமானது. இந்தக் கிட்டில் ஹார்மோன் கூடினால் நிறம் குறையும். தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் அளவீட்டு வளைவின் 20 முதல் 80 சதவீதப் பகுதிக்குள் விழும் மாதிரிகளை மட்டும் நம்புங்கள். ஓரங்களுக்குப் போனால், சிறு பிப்பெட் பிழையும் பெரிய எண்ணாக வெளிவரும்.

தடுப்பான் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. மூளையில் அதிகம் இருப்பது 5-ஆல்ஃபா ரிடக்டேஸின் முதல் வகை. மனிதச் செல்லில் ஃபினாஸ்டிரைடு அதைச் சரியாகத் தடுக்காது. எலியில் இரண்டு வகையையும் தடுக்கும். மனித ஆஸ்ட்ரோசைட்டோடு (நரம்பணுவுக்குத் துணை நிற்கும் மூளைச் செல்) வேலை செய்பவர்கள், இரண்டு வகையையும் தடுக்கும் டுடாஸ்டிரைடு வாங்குவது நல்லது.

நரம்புப் பாதுகாப்பைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கிட்டின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. அளவு மீறினால் நரம்பணுவைக் கெடுக்கும் குளுட்டமேட்டைக் கொடுத்து, சேதமான செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் நொதியின் கசிவால் செல் சேதத்தை அளக்கும்போது, அதே வெல்லின் மீடியத்தை எலைசாவுக்கும் ஒதுக்குங்கள். டுடாஸ்டிரைடு போட்டதும் பாதுகாப்பு மறைந்து, அலோபிரெக்னனோலோனைத் தனியாகச் சேர்த்ததும் திரும்பினால், காரணம் அந்த மெட்டபாலைட் (புரோஜெஸ்டிரோன் மாறி உருவான பொருள்) என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கிறது. மறையவில்லையென்றால் புரோஜெஸ்டிரோன் ஏற்பிப் பக்கம் தேட வேண்டும். தலைக்காயத்துக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்த புரோடெக்ட் 3, சினாப்ஸ் ஆகிய இரு பெரிய மருத்துவச் சோதனைகளும் பலன் இல்லை என்ற முடிவையே 2014-ல் வெளியிட்டன. அந்த முடிவுக்குப் பிறகு, செல் பிழைத்ததை மட்டும் எண்ணிவிட்டு, கொடுத்த ஹார்மோன் என்னவாக மாறியது என்பதை அளக்காமல் விடுவதை ஏற்க முடியவில்லை.

மூளைத் திசுவுக்கு இந்தக் கிட்டை வாங்க வேண்டாம். மையலின் கொழுப்பு ஈதரோடு வந்து ஆன்டிபாடியின் பிணைப்பைக் கெடுக்கும். திசுவுக்கு, சி18 என்ற வடிகட்டிக் கார்ட்ரிட்ஜில் சுத்தம் செய்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும் சேவைக்கு அனுப்புவதே மேல். கல்ச்சர் மீடியத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால், எல்லா மாதிரியும் ஒரே பிளேட்டில் அடங்குமா என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுள்ள இரண்டு கிட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.