அடிலெய்டுல இருக்கற இலவச லைப்ரரி, கோயமுத்தூர் ஷாப் ஃப்ளோர்ல எனக்கு எப்படி உதவுச்சு - வோக்எட்பிளஸ் ரிவ்யூ

கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில டிரெய்னிங் பாத்துக்கறேங்க. டிரெய்னிங்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, பாலிடெக்னிக் பசங்க இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு வருவாங்க, ஷூ இருக்கான்னு பாக்கறது, எந்த மெசின் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்றது, கடைசி நாள் சர்டிபிகேட்ல சீல் குத்தறது, அவ்ளோதான். போன வருசம் ஒரு பையன் ரெண்டு வாரமும் டெஸ்பாட்ச்ல அட்டப்பெட்டி ஒட்டிட்டு ரிப்போர்ட்ல சிஎன்சி டர்னிங் கத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுத்தான். அதுல கையெழுத்துப் போட்டது நாந்தான்.

மனசு கேக்காம முதலாளிகிட்ட போயி, அடுத்த பேட்ச்சுக்கு நெசமாவே மெசின்ல வேல குடுக்கலாம்ங்கன்னு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், "பீஸ் கெட்டு ஸ்க்ராப் ஆச்சுன்னா அந்தக் காசு யார் அப்பன் வீட்டுக் காசு?" சரியான கேள்விதானுங்க, எங்கிட்ட பதில் இல்ல. பதில் தேடப் போனப்பதான் இந்த வோக்எட்பிளஸ் மாட்டுச்சு.

இது ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல இருக்கற என்.சி.வி.இ.ஆர்.னு ஒரு நிறுவனம் நடத்தற ஆராய்ச்சி டேட்டாபேஸ். அந்த நிறுவனம் 1981ல ஆரம்பிச்சது, அந்த நாட்டுல தொழிற்கல்விக் கணக்கு புள்ளிவிவரம் எல்லாம் அவங்க பொறுப்பு. டேட்டாபேஸ்ல ஆஸ்திரேலியா சரக்கு மட்டும் இல்ல, தொழிற்கல்வி, அப்ரண்டிஸ், வேல பாக்கற எடத்துல கத்துக்கறது, கம்பெனியும் காலேஜும் கை கோக்கறது, இதப்பத்தி பல நாட்டு ரிப்போர்ட்டும் கட்டுரையும் சேத்து வெச்சிருக்காங்க. காசு கெடையாது. தேடறதுக்கு லாகின் கூட வேணாம், இது ஒண்ணுக்கே கும்பிடலாம், இப்பல்லாம் ஒரு பிடிஎஃப் பாக்கணும்னாக்கூட போன் நம்பர் கேக்கறானுங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா வார்த்தைப் பிரச்சனைய இவங்க தீத்து வெச்ச விதம். வேல பாத்துக்கிட்டே கத்துக்கறதுங்கற ஒரே விசயத்துக்கு ஜெர்மன்காரன் டூயல்ங்கறான், ஆஸ்திரேலியால அப்ரண்டிஸ்ஷிப் தனி டிரெய்னிஷிப் தனி, நம்மூர்ல ஐடிஐ பையன்னா அப்ரண்டிஸ், டிப்ளமோன்னா இன்-பிளான்ட், மூணரை வருச கோர்ஸ்னா சாண்ட்விச், இப்படி ஆளுக்கு ஒரு பேர் வெச்சிருந்தா கூகுள்ல தேடி என்னத்தக் கண்டுபுடிக்கறது? இவங்க ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தாங்களே வெச்சிருக்கற ஒரே மாதிரி கீவேர்ட் லிஸ்ட்லருந்து எடுத்து ஒட்டறாங்க, அதனால வொர்க்பிளேஸ் லேர்னிங்னு அவங்க கீவேர்ட புடிச்சுப் போனா வேற பேர்ல எழுதுன கட்டுரையும் வந்துருது. கூடவே சுருக்கமும் இருக்கு, அத மட்டும் படிச்சாலே இது நமக்கு ஆகுமா ஆகாதான்னு தெரிஞ்சுரும்.

சரி, பதில் கெடச்சுதா? கெடச்சுது, கொஞ்சம் சுத்தி. அப்ரண்டிஸ் செலவு வரவுன்னு தேடிட்டு இருந்தப்ப ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்த ஒரு வேலை கண்ணுல பட்டுச்சு. ரெண்டு நாட்டு ஆராய்ச்சியாளருங்களும் சேந்து செஞ்சது. இதுல முக்கியமான சமாச்சாரம், ரெண்டு ஊர்லயும் 2000வது வருசத்துக்கு கம்பெனிகள்கிட்ட கிட்டத்தட்ட ஒரே கேள்வித்தாள வெச்சு சர்வே எடுத்திருந்தாங்க, அதனாலதான் ஒப்பிடவே முடிஞ்சுது, இல்லன்னா அவனவன் கணக்கு அவனவனுக்கு.

முடிவு என்னன்னா, ரெண்டு ஊர்லயும் பையன் வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனி, ஒண்ணு ரெண்டு நாள் ஸ்கூல்னு ஒரே மாதிரிதான் படிக்கறான், ஆனா சராசரியா பாத்தா சுவிஸ் கம்பெனிக்கு பயிற்சி முடியறதுக்குள்ளயே போட்ட காசு வந்துருது, ஜெர்மன் கம்பெனிக்கு கைய விட்டுத்தான் போகுது. ஏன்னு பாத்தா சம்பள வித்தியாசம் ஒரு காரணம், இன்னொரு பெரிய காரணம், சுவிட்சர்லாந்துல பையனுக்கு நெஜ வேல அதிகம் குடுக்கறான். ஜெர்மனில சும்மா பழகறதுக்குன்னு செய்யற வேல அதிகமா இருந்துச்சு. அப்பறம் ஜெர்மன்காரன் ஏன் இன்னும் நடத்தறான்னா, பயிற்சி முடிச்ச பையன அங்கயே வேலைக்கு வெச்சுக்கறான், வெளிய ஆள் தேடற செலவு மிச்சம், பையன் எப்படிப்பட்டவன்னும் மூணு வருசத்துல தெரிஞ்சுருதுல்ல.

எங்க முதலாளிக்கு நான் பிரிண்ட் எடுத்துக் காமிச்சது இந்த ஒரு பக்கம்தான். அதாவது பையன மெசின் பக்கம் விடறது நஷ்டமில்ல, விடாம ஓரமா நிக்க வெச்சு ஸ்டைபண்ட் குடுக்கறதுதான் நஷ்டம். அட்டப்பெட்டியும் நெஜ வேலதானேன்னு மடக்குனார் மனுசன். ஆமாங்க, ஆனா பயிற்சி முடிச்ச ஆளு செய்யற வேல அது இல்லைங்களேன்னேன். சிரிச்சுட்டார்.

இந்தியா பத்தித் தேடுனா கொறச்சலாத்தான் வருது, ஆஸ்திரேலியா பக்கம் பக்கமா கொட்டுது, அவங்க வீட்டு லைப்ரரி, அப்படித்தான் இருக்கும். ஆனா 2013ல ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் உலக வங்கியும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளருங்க செஞ்சது, இந்தியாவையும் சேத்து 11 நாட்டு அப்ரண்டிஸ் முறைய ஒப்பிட்டிருப்பாங்க. நம்ம 1961 அப்ரண்டிஸ் சட்டத்த வெளியாளு எப்படிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க நல்லா இருக்கும். அதுக்கு அடுத்த வருசமே, 2014ல, அந்தச் சட்டத்தத் திருத்தி, அத மீறுன முதலாளிக்கு ஜெயில்ங்கற பிரிவ எடுத்துட்டாங்க, இதப் படிச்சுட்டுத்தான் எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல.

மைனஸ் சொல்லணும்னா, எல்லாத்துக்கும் முழு கட்டுரை கெடைக்காது. ரிப்போர்ட்ன்னா பெரும்பாலும் லிங்க் இருக்கு, ஜர்னல் கட்டுரைன்னா அந்த ஜர்னல்காரனுக்கு காசு கட்டணும். அதுக்கு ஒரு வழி இருக்குங்க, அதே தலைப்புல ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே டிஸ்கஷன் பேப்பரா, அதாவது வரைவு மாதிரி போட்டிருப்பாங்க, நான் சொன்ன அந்த ஜெர்மனி சுவிஸ் வேலை 2008லயே ஜெர்மனில பான் நகரத்து ஐ.இசட்.ஏ. நிறுவனத்துல இலவசமா வந்திருந்துச்சு. தமிழ்ல எதுவும் எதிர்பாக்காதீங்க, சுருக்கமெல்லாம் இங்கிலீஷ்தான், அதுவும் கொஞ்சம் கல்லு மாதிரி இங்கிலீஷ்.

ஐரோப்பா மட்டும் போதும்னா கிரீஸ்ல தெசலோனிக்கில இருக்கற செடெஃபோப் பாருங்க, 1975லருந்து இருக்கற ஐரோப்பிய ஒன்றிய அமைப்பு, நாடு நாடா அப்ரண்டிஸ் திட்டங்கள வரிசையா போட்டு ஒப்பிட்டுப் பாக்கற வசதி இருக்கு. அழகா இருக்கும், ஆனா நான் தேடுன செலவுக் கணக்கு மாதிரி விசயத்துக்கு மறுபடி வோக்எட்பிளஸ்க்குத்தான் வந்தேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காலேஜ் பிளேஸ்மெண்ட் ஆபீசருங்க, ஐடிஐ வாத்தியாருங்க, என்ன மாதிரி சீல் குத்தற ஆளுங்க, கட்டாயம் ஒருதடவ உள்ள போய்ப் பாருங்க. ஜூன்ல வர்ற பேட்ச்சுக்கு ஒரு பழைய லேத்த ஒதுக்கிக் குடுத்திருக்கார் முதலாளி, மூணு மாசம் ஸ்க்ராப்ப தனியா எடைபோட்டுக் காமிக்கணும்னு கண்டிசன். எடைபோடற நோட்டும் நேத்தே வாங்கி வெச்சாச்சு.