டாலியா, லிஜியாங்கா? யுன்னானில் எந்த ஊரில் தங்குவது

சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு ஒரு வாரம் போகிறவர்கள் குன்மிங்கில் இறங்கி வடமேற்கே ரயில் ஏறுவார்கள். வழியில் முதலில் டாலி, அடுத்து லிஜியாங், கடைசியில் ஷாங்ரி-லா. மூன்றையும் பார்த்துவிடலாம்தான். ஆனால் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே வாரம் கழிந்துவிடும். ஓர் ஊரில் நான்கு இரவு தங்கி, இன்னொன்றை எட்டிப் பார்த்து வருவது நல்லது. பலரும் லிஜியாங்குக்குத்தான் கூடுதல் நாள் ஒதுக்குகிறார்கள். நான் டாலி பக்கம்.

லிஜியாங்கின் பழைய நகரம் அழகு என்பதில் சந்தேகமே இல்லை. 1996 பிப்ரவரியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. மறு வருடமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பிடித்தது. தெருவுக்குத் தெரு வாய்க்கால், கல் பாவிய சந்துகள், கடைப் பலகைகளில் நாசி இன மக்களின் படம் படமான தொங்பா எழுத்து. மதில் மட்டும் கிடையாது. ஆண்ட குடும்பத்தின் பெயர் மூ, அதாவது மரம். அந்த எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் ‘இக்கட்டு’ என்று பொருள் மாறிவிடும். அதனால்தான் மதில் கட்டவில்லை என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

சிக்கல் மாலையில் தொடங்குகிறது. வீடெல்லாம் கடை, கடைக்கடுத்து மதுக்கூடம், நகர முடியாத கூட்டம். அதே தெருவுக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்கும். சந்துகளுக்குள் வண்டி வராது, சக்கரப் பெட்டியைக் கல்லில் தடதடவென்று இழுத்துத்தான் விடுதிக்குப் போக வேண்டும்.

டாலியில் அப்படி ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய ஒற்றை அதிசயம் எதுவும் இல்லை, அதுதான் சௌகரியமும். மேற்கே 19 சிகரங்களோடு சாங்ஷான் மலை, கிழக்கே அர்ஹாய் ஏரி, நடுவில் வயலும் பாய் இன மக்களின் வெள்ளைச் சுவர் வீடுகளும். ஏரி மாசுபட்டதால் 2017-இல் கரையோர விடுதிகளை ஏராளமாக மூடினார்கள். இப்போது கரையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நீளமான பாதை இருக்கிறது. வடக்கே ஷிசோ கிராமம் வரை சைக்கிளிலேயே போகலாம். அங்கே சுடச்சுடத் தரும் பாபா ரொட்டியில் இனிப்பு, காரம் இரண்டும் உண்டு. காரத்தில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். பழைய நகரத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று பௌத்தக் கோபுரங்களில் பெரியது 69 மீட்டர், தூரத்திலிருந்தே தெரியும். நேரமில்லை என்றால் உள்ளே போகாமல் விட்டாலும் பாதகமில்லை.

சைவக்காரர்களுக்கு டாலி இன்னும் வசதி. ரூபிங் என்று ஆட்டுப்பால் கட்டி ஒன்று, பார்க்கவும் தின்னவும் நம் பனீர் மாதிரியே இருக்கும், பொரித்துத் தருவார்கள். எங்கே போனாலும் ‘வோ ச்சீ சூ’ (நான் சைவம்) என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போதும் பன்றிக் கொழுப்பில் வதக்க வாய்ப்புண்டு, அதையும் கேட்டுவிட வேண்டும்.

டாலியின் குறை, ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை. ஷியாகுவானில் இறங்கி பஸ்ஸிலோ டாக்சியிலோ அரை மணி நேரமாவது போக வேண்டும். குளிர்காலத்தில் அந்த ஷியாகுவான் காற்று ஆளைத் தள்ளும்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். டாலி ஏறத்தாழ 2,000 மீட்டர், ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு. லிஜியாங் 2,400. ஷாங்ரி-லா 3,200-க்கும் மேல், தலைவலி வரலாம். லிஜியாங்கிலிருந்து அங்கே 2023 நவம்பர் முதல் ரயில் ஓடுகிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். உடம்பு அந்த வேகத்துக்குப் பழகாது. அதனால் டாலியில் சில நாள் இருந்துவிட்டு மேலே ஏறுவதே சரியான வரிசை.

லிஜியாங்குக்கு இரண்டு இரவு போதும், அதுவும் யூலோங் பனிமலைக்காக. சிகரம் 5,596 மீட்டர். பெரிய கேபிள் கார் 4,506 மீட்டரில் கொண்டுபோய் விடும். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பே டிக்கெட் எடுங்கள், விடுமுறை நாட்களில் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலை மேகத்துக்குள் போய்விடும். அந்த மாதங்களில் போனால் லிஜியாங்கை விட்டுவிட்டு, டாலியில் காட்டுக் காளான் சாப்பிடுவது மேல். நவம்பருக்குப் பிறகு வானம் தெளிவு. அக்டோபர் முதல் வாரம், தேசிய விடுமுறை, எந்த ஊரும் வேண்டாம்.

பணத்துக்கு அலிபே என்ற கைபேசிச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா 2025 ஜூலை முதல் மறுபடி தருகிறார்கள்; சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசாவே வேண்டாம்.

பனியையே பார்த்திராத குழந்தைகளோடு போகிறீர்களா? அப்படியானால் நான் சொன்ன நாள் கணக்கை மாற்றி, லிஜியாங்கில் ஓர் இரவு கூட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் மேகம் மூடினாலும் மறுநாள் ஏறிவிடலாம்.