முழங்கை நோவுக்கு ஊசி, எண்ணெய், தண்ணீர்ப் போத்தல்: எல்லாம் செய்து பார்த்தவன் எழுதுவது

கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு வலது முழங்கை போனால் எல்லாம் போச்சு. எனக்குப் போனது போன வருடம் தை மாதம். பாடசாலைச் சீருடைத் துணி கடையில் குவிந்து கிடந்த நேரம் அது. அரசாங்கம் கொடுக்கிற வெள்ளைத் துணியைத் தாய்மார் எல்லோரும் ஒரே கிழமைக்குள் கொண்டுவந்து தருவார்கள், நாலைந்து மடிப்பாக அடுக்கி வைத்துக் காலையிலிருந்து இருட்டும்வரை வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். முழங்கையின் வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தில் குத்தத் தொடங்கியது. முதலில் கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும்தான் நொந்தது. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாலும் நோ, கடைசியில் கடைப் பூட்டில் திறப்பைத் திருப்பினாலும் நோ.

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருப்பதால் நாலு பேரோடு கதைக்கிறவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாரியோ (கீழ்முதுகு) முழங்காலோ தோள்மூட்டோ ஏதோ ஒன்று நோகிறது, என் கை நோ மாறியதைக் கண்டவர்கள் எல்லோரும் எங்கே காட்டினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடிகிறதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. என் கையும் நாரியும், அம்மாவின் முழங்காலும், மகளின் உதவியோடு தேடி வாசித்ததும், இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

முதலில் ஊசியைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் நொந்துபோனது அதில்தான். நகரத்தில் ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். பெயர் வேண்டாம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, முழங்கையில் ஸ்டீராய்ட் ஊசி போட்டார்கள். மறுநாள் நோவே இல்லை! அந்தச் சந்தோசத்தில் விட்டுவைத்த துணி முழுவதையும் வெட்டி முடித்தேன். ஆறேழு கிழமை நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. போனேன், இன்னொரு ஊசி. அது மூன்று கிழமைதான் தாங்கியது. மருத்துவர் கட்டணம், ஊசி, குளிசை என்று இரண்டு தரமும் ஒவ்வொரு கிழமைத் தையற்கூலி போனது. கையை எப்படிப் பாவிக்கவேண்டும், எதை நிறுத்தவேண்டும் என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் வாசித்தேன், இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அவுஸ்திரேலியாவில் இதே முழங்கை நோ உள்ள 165 பேரை வைத்து ஊசியைச் சோதித்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்ட் ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு நோ திரும்பி வந்திருக்கிறது, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். ஒரு வருட முடிவில் நன்றாக மாறியவர்களும் ஸ்டீராய்ட் பக்கம்தான் குறைவு. இந்த ஊசி எல்லா இடத்துக்கும் கூடாது என்று சொல்ல வரவில்லை. தோள்மூட்டு இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாத ஆட்களுக்குத் தொடக்கத்தில் போட்டால் நோ நன்றாகக் குறையும். ஆனால் முழங்கைக்கு அடுத்த மாதத்து நிம்மதியைப் பார்த்து அடுத்த வருடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

குளிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பனடோல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. திடீரென்று நாரி பிடித்தவர்கள் 1,650 பேருக்கு மேல் வைத்து 2014இல் செய்த சோதனையிலும், பரசிட்டமோல் (பனடோலில் இருக்கிற மருந்து) எடுத்தவர்கள் வெறும் குளிசை எடுத்தவர்களைவிட வேகமாக மாறவில்லை. டைக்ளோபெனாக் என்ற நோக்குளிசை கேட்கும், உண்மை, ஆனால் பிரஷர் உள்ளவர்கள், சிறுநீரகப் பழுது உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. அதே மருந்து பூசுகிற ஜெல்லாகவும் வருகிறது. அம்மாவின் முழங்காலுக்கு அது நல்லாய்ப் பிடித்தது, முழங்கால் மூட்டு தோலுக்குக் கிட்ட இருப்பதால் மருந்து போய்ச் சேருகிறது. நாரி ஆழத்தில் இருக்கிறது, அங்கே பூசி அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, பெயரோ விபரமோ இல்லாமல் பொட்டலத்தில் கட்டித் தருகிற வாதப் பொடி. மூன்று நாளில் நோ பறக்கிறது, முகம் ஊதுகிறது, சுகர் ஏறுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்ட் கலந்திருக்கலாம். நீண்டநாள் எடுத்தவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தையும் கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

ஊசி கைவிட்டபிறகு ஊர்ப்பக்கம் முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் போனேன். நல்ல மனிதர், காசும் இவ்வளவு தா என்று கேட்கவில்லை. நாரி பிடித்திருந்தபோது இளஞ்சூட்டில் எண்ணெய் பூசி உருவி, ஒத்தணம் பிடித்துவிட்டார், அன்றிரவு பல மாதத்துக்குப் பிறகு நேராகப் படுத்தேன். இரண்டு நாள் அந்தச் சுகம் இருந்தது. பிடிப்புக்கு சூடும் உருவுதலும் கேட்கும், அதில் எனக்கு ஐமிச்சம் இல்லை. ஆனால் முழங்கையில் அதே மாதிரி அழுத்தி உருவியபோது இரவே வீங்கி, மூன்று நாள் ஊசியில் நூல்கூடக் கோர்க்க முடியவில்லை. நாங்கள் நரம்பு நரம்பு என்று சொல்வது உண்மையில் நரம்பு இல்லை, தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற தசைநாண். ஏற்கெனவே நொந்துபோன நாணை அப்படி அழுத்தினால் அது இன்னும் எரிச்சலாகும்.

அப்புறம்தான் யாழ் போதனா வைத்தியசாலை. துண்டு எடுத்து, வரிசையில் நின்று, மருத்துவரைக் கண்டு, அவர் பிசியோதெரபிக்கு எழுதித்தந்து, அதற்குத் தவணை வந்து சேர ஒரு மாதத்துக்குக் கிட்டப் போய்விட்டது. அந்தக் காத்திருப்பு உண்மையிலேயே கஷ்டம், கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஆனால் உள்ளே போனபிறகு கிடைத்ததை நான் காசு கொடுத்த எந்த இடத்திலும் காணவில்லை. மகள் வயதுள்ள பிள்ளை ஒருத்தி. முதலில் கையைத் தொடவே இல்லை, "ஐயா, என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று கேட்டா. சொன்னேன். கத்தரிக்கோல் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக் காட்டச் சொன்னா. மணிக்கட்டைப் பின்னால் மடித்து, முழங்கையைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிறேன் என்பதை அப்போதுதான் நானே கண்டேன், முப்பது வருடம் வெட்டியிருக்கிறேன். மேசையை நாலு விரற்கடை உயர்த்துங்கோ, இரண்டு மடிப்புக்கு மேல் வெட்டாதேங்கோ, ஒரு மணித்தியாலம் வெட்டினால் பத்து நிமிடம் தையலுக்கு மாறுங்கோ என்றா.

பிறகு பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவேண்டும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையால் அதை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, நோகிற கையால் ஐந்து எண்ணும்வரை மெல்ல மெல்லக் கீழே இறக்கவேண்டும். 15 தரம், மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நொந்தது, நிறுத்தப் பார்த்தேன். "கொஞ்சம் நோகும் ஐயா, பயப்பிடாதேங்கோ. அடுத்தநாள் காலமை பழையபடி இருந்தால் சரி, கூடியிருந்தால் தண்ணியைக் குறையுங்கோ." இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வைத்தியம். அதுவரை நோ வந்தாலே நாண் அறுகிறது என்று நினைத்துக் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பொத்தி வைத்தால் நாண் இன்னும் இளகும், அளவாகப் பாரம் கொடுத்தால்தான் பலக்கும், அதற்கும் பன்னிரண்டு கிழமையாவது வேண்டும். குதிக்கால் நாணுக்கு இப்படிப் பாரம் கொடுக்கிற முறையை 1998இல் சுவீடன் நாட்டு மருத்துவர் அல்பிரெட்சன் கொண்டுவந்தார், அதில் ஒரு நாளைக்கு 180 தரம் குதியை இறக்கவேண்டும். அதோடு பார்க்க என்னுடையது லேசு.

நாலாம் கிழமைவரை ஒரு மாற்றமும் இல்லை. ஏழாம் கிழமை ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறியபிறகுதான், பூட்டியது வலது கையால் என்று விளங்கியது. ஐந்தாம் மாதம் ஒன்றரை லீற்றர் போத்தல். நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும், இந்த முழங்கை நோ ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்தில் தானாகவே குறையும் என்று அதே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எனக்கு ஒரு வருடம் காத்திருக்க வசதியில்லை, பயிற்சி இருந்ததால் வெட்டிக்கொண்டே மாறினேன்.

அம்மாவை கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அதுவும் காசில்லை. எண்ணெய் பூசி நொச்சியிலை ஒத்தணம் கொடுத்தார்கள், அம்மாவின் கதையை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்கள். 74 வயதில் தன்னை ஒருவர் இருத்திவைத்துக் கேட்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். காலமை விறைப்பு குறைந்தது. ஆனால் படி ஏறுகிற பலம் வந்தது கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கிற பயிற்சியாலும், மூன்று கிலோ குறைத்ததாலும்தான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நாலு கிலோவுக்குக் கிட்டக் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய, மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமின் போத்தல் இரண்டு முடிந்தது, வித்தியாசம் தெரியவில்லை. முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவுவது பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 180 பேரில் சிலருக்கு உண்மையாகவும் சிலருக்குத் தோலை மட்டும் வெட்டியும் செய்து பார்த்து 2002இல் எழுதினார்கள், இரண்டு பக்கமும் ஒரே பலன்தான். தேய்ந்த முழங்காலுக்கு அதற்காகக் கொழும்புக்கு ஓடவேண்டாம்.

நாரிக்கு எம்ஆர்ஐ எடுத்துவிட்டு 'டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை) தேய்ந்திருக்கு' என்ற ஒரு வரியைப் பார்த்துப் பயந்து படுத்துவிடுகிறவர்களுக்கு ஒன்று. நாரி நோவே இல்லாத ஆட்களின் படங்களைத் தொகுத்து 2015இல் பார்த்தபோது, இருபது வயதுக்காரரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது, எண்பது வயதில் 96 சதவீதம். நரைமுடி மாதிரித்தான். நடவுங்கள், படுக்காதீர்கள். ஆனால் சிறுநீர் போவது கட்டுப்படாவிட்டால், குந்தி இருக்கிற பின்பக்கம் விறைத்தால், கால் பலமிழந்தால், காய்ச்சலோடு நாரி நொந்தால் ஒரு மணித்தியாலமும் பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிசியோதெரபிப் பகுதியில் எனக்கிருக்கிற ஒரே குறை, பயிற்சியைத் தமிழில் படத்தோடு ஒரு தாளில் எனக்குத் தரவில்லை. கடைசித் தவணையன்று பக்கத்தில் இருந்த வேறொரு அம்மா நெடுந்தீவிலிருந்து படகில் குறிகாட்டுவான் வந்து, பஸ் பிடித்து வந்தவ. முழங்கால். இரண்டு கிழமையால் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள், அதுவரை என்ன செய்வது என்று ஞாபகமில்லை என்றா. என் பில் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எங்கள் அம்மா செய்கிற பயிற்சியையே கீறி, அந்தப் பிள்ளையிடம் காட்டிச் சரியா என்று கேட்டுக் கொடுத்தேன். "தம்பி, வீட்டில கதிரை இல்லை, வாங்குதான் இருக்கு" என்றா. வாங்கு என்ன உயரம் என்று கேட்டேன், தெரியாது. பையிலிருந்த அளவு நாடாவால் அங்கிருந்த கதிரையை அளந்தேன், 18 அங்குலம். அந்த நீளத்துக்கு நாடா வெட்ட முடியாது, அதனால் வெள்ளை நூலை அளந்து வெட்டி, தாளோடு சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டேன்.